வராதவர்களின் பட்டியல்

ஆசிரியர் வேலையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது பாடம் நடத்துவதைத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் வருகை எடுப்பதை என்பேன். 1984-இல் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். அப்போது எங்கள் ஊர் நகராட்சி. மாநகராட்சி ஆனது பின்னால்தான். சேர்ந்த புதிதில் தலைமையாசிரியை என்னை அழைத்துச் சொன்னார்: “பாடம் நடத்துறதெல்லாம் போகப் போக வந்துரும்மா. யாரு வரலைன்னு மொதல்ல பாரு. சாயங்காலம் அந்த வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா.”

அப்படிப் போன வீடுகளில்தான் எனக்கு ஊர் தெரிந்தது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்ற அக்கா, துவைத்துப் போட்ட ஒரே சீருடை காயாததால் நின்ற தம்பி, அப்பாவுக்குக் கடைக்குச் சோறு கொண்டுபோக நின்ற பிள்ளை. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து இதில் எதையும் நான் தெரிந்துகொண்டிருக்க முடியாது. எம்.ஜி.ஆர். 1982-இல் கொண்டுவந்த சத்துணவு அப்போது எங்கள் பள்ளியில் நன்றாக நடந்துகொண்டிருந்தது. சோற்றுக்காக வந்த பிள்ளைகள் படிப்புக்காகத் தங்கினார்கள். சோற்றையும் மீறி வராத பிள்ளைகள் இருந்தார்கள் என்றால், அந்த வீட்டில் பசியைவிடப் பெரிதாக ஏதோ இருந்தது என்று பொருள்.

பின்னாளில் ஒரு செய்தியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கும் வைத்தார்கள். காமராஜருக்கும் எம்.ஜி.ஆருக்கும் முன்னால் அந்த வேலையைத் தொடங்கி வைத்தது ஒரு நகரமன்றம். பள்ளிக்கூடத்துக்கும் நகரமன்றத்துக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு உண்டு என்பது எனக்கு அதற்கு முன் தோன்றியதில்லை.

ஆசிரியர் பணியில் இருக்கும்வரை தேர்தலில் நிற்க விதி இடம் கொடுக்காது. ஆனால் தேர்தலை எங்களைப் போல உள்ளே இருந்து பார்த்தவர்கள் குறைவு. முந்தின நாளே வாக்குச்சாவடிக்குப் போய், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படுத்து, விடியுமுன் எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, ராத்திரி அரக்கு வைத்து முத்திரையிட்டுக் கொடுக்கும்வரை எல்லாம் ஆசிரியர்கள் கையில்தான். நானும் பல தேர்தல்களில் தலைமை அலுவலராக இருந்தேன். வாக்காளர் பட்டியலில் டிக் விழாத பெயர்களைக் கடைசியில் ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன். யாரும் கேட்கவில்லை, பழகிப்போன கை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோதும் அதே பழக்கம்தான் என்னைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனது. சிலேட்டை மடியில் மறைத்துக்கொண்டு வந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததைவிட, வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை மறுநாள் தேடிப் போனதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

2019-இல் ஓய்வுபெற்றேன். அப்போது எங்கள் ஊரில் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்களின் நிர்வாகம். குழாயில் சாக்கடை கலந்து வந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாத ஐந்து ஆண்டுகள். ஜனங்கள் மனு எழுதித் தரச் சொல்லி ஓய்வுபெற்ற ஆசிரியையின் திண்ணைக்கு வரத் தொடங்கினார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் வராத மனுக்களை இரண்டாம் முறையும் எழுதிக் கொடுத்தேன். தேர்தல் அறிவிப்பு வந்து, பெண்களுக்கான ஐம்பது சதவீத ஒதுக்கீட்டில் எங்கள் வார்டும் வந்தபோது, மனு எழுத வந்தவர்களே என்னை நிற்கச் சொன்னார்கள். சுயேச்சையாக நின்றேன். என்னிடம் படித்த பிள்ளைகள், இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருப்பவர்கள், வீடு வீடாக வந்தார்கள். பிப்ரவரி 19-இல் வாக்குப்பதிவு, 22-இல் எண்ணிக்கை, மார்ச் 2-இல் பதவியேற்பு.

பதவியேற்ற வாரத்திலேயே வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். பேசி முடித்து எழுந்தவர் ஒரு கவரை மேஜையில் வைத்தார். திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் முந்தினதைவிடக் கனமான கவரோடு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. நான் வாங்காததை, தொகை போதவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்; இரவெல்லாம் தூங்கவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார். வேண்டாம் என்ற சொல்லை நேரடியாக நம்ப முடியாத அளவுக்கு ஒரு மனிதரை நாம் பழக்கி வைத்திருக்கிறோமே என்று எனக்கு நெஞ்சு வலித்தது. அவரை உட்காரவைத்து, கட்டட வரைபட அனுமதியை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. “இதுல யாருக்கும் குடுக்க வேண்டியது ஒண்ணுமில்ல ஐயா, நீங்க வேலையைப் பாருங்க” என்றேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் நிலைத்துவிட்டார்கள். மறுப்பது எனக்கு எளிது. கடன் வாங்கிச் செலவு செய்து ஜெயித்து வருகிற ஓர் இளம் பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023-இல்தான் மாமன்ற உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வந்தது.

பதவியேற்ற அடுத்த மாதமே சொத்து வரி உயர்வு. 2022 ஏப்ரல் முதல் தேதி அறிவிப்பு வந்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் இரட்டிப்பு. வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் வரி இரண்டு மடங்கு ஆகிவிட்டதாகவே பேச்சு. ரேஷன் கடை ஓரமாகப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, சாக்பீஸால் கட்டம் போட்டு, வந்தவர்களின் வீட்டு அளவைக் கேட்டு அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். வரியை உயர்த்தினால்தான் பதினைந்தாவது நிதிக் குழுவின் மானியம் வரும் என்பதையும் சொன்னேன். சொத்து வரி ரசீதில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருப்பதைக் காட்டியபோது, என்னிடம் படித்த ஒருவர், “நாங்க கட்டுன காசுலயா டீச்சர் ஸ்கூல் ஓட்டைச் சரி பண்ணுனாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கேள்விகள் மாறின. என்ன உயர்வு என்பது போய், வாங்கிய வரிக்கு எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் வரும் மனுக்களைத் தேதிவாரியாக எழுதாமல் தெருவாரியாக ஒரு நீள நோட்டில் எழுதி வந்தேன். ஒரு தெருவுக்கு ஒரு பக்கம். கோடை முடியும்போது நோட்டைப் புரட்டினால் மெயின் ரோட்டுக்கும் அதை ஒட்டிய தெருக்களுக்கும் பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போயிருந்தது. வார்டின் கோடியில், ஓடைக்கரையை ஒட்டி இருக்கும் ஒரு தெருவின் பக்கம் மட்டும் வெறும் தாளாக இருந்தது. ஒரு குறையும் இல்லாத தெருவா? ஆசிரியைக்கு இதற்கு விடை தெரியும். வராதவர்கள் இருக்கிறார்கள்.

விடியற்காலையில் போனேன். குழாய்கள் எல்லாம் தெருவைவிடத் தாழ்வாக, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிய குழிகளுக்குள் இருந்தன. சிமெண்ட் பூசாத குழி, அடியில் சேறு. ஒரு பெண் குழிக்குள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு டம்ளரைக் குழாயின் வாயில் பிடித்து, நிரம்ப நிரம்பக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடத்தை வைக்க உயரம் போதாது. மேட்டில் அவள் மகள், எட்டு ஒன்பது வயது, சீருடையோடு வரிசையில் நின்ற குடங்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நாள் விட்டு நாள்தான் வரும். மேட்டுத் தெருக்காரர்கள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்து முடித்த பிறகு, கோடியில் இவர்களுக்கு வருவது நூல் போல ஒழுகும் இந்தத் தண்ணீர்தான்.

“ஏம்மா, எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“வந்தா ஒரு நாள் கூலி போயிரும் டீச்சர்” என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எங்க எடத்துக்குப் பட்டா கெடையாதுல்ல. தண்ணி வரலைன்னு ஆபீசுக்கு வந்து நின்னா, யாரு எவருன்னு விசாரிப்பாக. அப்பறம் ஓடைப் புறம்போக்கு, காலி பண்ணுன்னு வந்து நின்னா எங்க போறது?”

எழுத்தறிவும் வாக்குரிமையும் இருந்தால் மக்கள் கேட்பார்கள் என்றுதான் நான் அதுவரை நம்பி வந்தேன். கேட்பதற்கே விலை கொடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இருப்பதும் போய்விடுமோ என்ற பயத்தில், கண்ணில் படாமல் இருப்பதையே அவர்கள் பாதுகாப்பாகக் கொண்டிருக்கிறார்கள். அன்று முதல் என் வேலையின் பெரும்பகுதி மனு வாங்குவதிலிருந்து வராதவர்களைத் தேடிப் போவதாக மாறிவிட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுக்களை 2022-இல் புதிதாக அமைத்தபோது, இருபது பேர் கொண்ட அந்தக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்த முறையில் நான் மறுபடியும் பள்ளிக்குள் போனேன். தலைமையாசிரியை செல்போன் செயலியில் வருகை போட்டாலும் பழைய பதிவேட்டையும் கைவிடாதவர். ஓடைத்தெருப் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் வரிசையைத் தடவிக்கொண்டு போனோம். சிவப்பு மையில் விழுந்த விடுப்புகள் ஒன்று விட்டு ஒன்றாக வந்தன. தண்ணீர் வரும் நாட்காட்டியை நான் பையிலிருந்து எடுத்து அருகில் வைத்தேன். தண்ணீர் வந்த காலைகளில் அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. தாமதமாக வந்தவர்கள் மதியச் சோற்றுக்கு வந்திருந்தார்கள். பதிவேட்டில் எங்கள் வார்டின் குடிநீர்க் குழாய் தன் கணக்கை எழுதி வைத்திருந்தது. தலைமையாசிரியை ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போனேன். வகுப்பில் நான் ஒரு சொல் சொன்னால் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். கவுன்சிலருக்கு யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. கேட்கலாம், எழுதிக் கொடுக்கலாம், மன்றத்தில் பேசலாம், பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்க்கலாம். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து, பன்னிரண்டாம் அட்டவணையில் குடிநீர், துப்புரவு, குடிசைப்பகுதி மேம்பாடு என 18 பொறுப்புகளை நகராட்சிகளுக்குரியவையாகப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலுக்கும் ஒரு கவுன்சிலரின் கையில் இருப்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. அதைக் கடக்க ஒரே வழி காகிதம்.

மாமன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் கைக்கு வந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ கூட்டம் என்று இருக்கும். நூற்றுக்கணக்கில் பக்கங்கள். இன்ன வேலைக்கு மேயரின் முன் அனுமதி பெற்றுச் செலவு செய்யப்பட்டது, மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது என்று ஒரே மாதிரி வாசகங்கள். கூட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் “ஆல் பாஸ்” என்று ஒரு குரல் எழும், மேஜை தட்டுவார்கள், முடிந்தது. விடைத்தாள் திருத்திய பழக்கத்தில் நான் ஒவ்வொரு பொருளையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். ஒரே சாலைக்கு இரண்டு தலைப்பில் மதிப்பீடு வந்தால் கண்ணில் பட்டுவிடும்.

புதிதாக வந்த பெண் உறுப்பினர்கள் சிலர் என்னோடு சேர்ந்து கொண்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு அலுவலக செல்போனே கணவரிடம்தான் இருந்தது. அழைத்தால் அவர்தான் எடுப்பார், “நான்தான் கவுன்சிலர் பேசுறேன்” என்பார். கூட்டத்துக்கு முந்தின மாலை என் வீட்டில் உட்கார்ந்து பொருள் நிரலைச் சத்தமாக வாசிப்பது என்று வைத்துக்கொண்டோம். அந்தப் பெண் முதலில் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள். ஒருநாள் மன்றத்தில் எழுந்து, தன் வார்டில் முடிந்துவிட்டதாக அச்சாகியிருந்த வாய்க்கால் வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள் எண்ணைச் சொல்லிக் கேட்டாள். அவள் குரல் நடுங்கியது. ஆனால் வாக்கியம் முழுதாக வந்தது. அடுத்த வாரம் அவள் எண்ணுக்கு அழைத்தபோது அவளே எடுத்தாள். என் பணிக்காலத்தில் பார்த்த எந்தத் தேர்ச்சி அறிக்கையும் இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

ஓடைத்தெருவுக்கு வீட்டு இணைப்பு கேட்க முடியாது. சொத்து வரி ரசீது இல்லாமல் இணைப்புக் கிடைக்காது, ரசீது கேட்டால் நிலத்தின் கதை வெளியே வரும். பொதுக் குழாய் கேட்கலாம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனி வழியாகக் குழாய் போட்டு, கோடித் தெருக்களுக்குத் தனி வால்வும் தனி நேரமும் வைத்தால் போதும் என்று உதவிப் பொறியாளர் வரைந்து காட்டினார். நல்ல மனிதர், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு எனக்கு மட்டம் பார்க்கக் கற்றுத் தந்தார். மதிப்பீடு, மண்டலக் குழு, மன்ற ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று படிப்படியாகப் போனது. மன்றத்தில் பேசியபோது பெயர்களைச் சொல்லாமல் வருகைப் பதிவேட்டுக் கணக்கை மட்டும் வாசித்தேன். அவையில் அன்று யாரும் குறுக்கே பேசவில்லை.

கடினமானது அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. மோட்டார்களை எடுக்க வேண்டும். அவை இருந்தது எனக்காக வீடு வீடாக வாக்குக் கேட்டவர்களின் வீடுகளில். என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சாப்பிட்ட தோழியின் வீட்டிலும் ஒன்று இருந்தது. மாநகராட்சி ஆட்கள் வந்து பறிமுதல் செய்யுமுன் நானே ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றேன். சிலர் கழற்றினார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். தோழி, “ஓட்டுப் போட்டவங்களை விட்டுட்டு, எவனோ புறம்போக்குல இருக்குறவனுக்கா ஓடுற?” என்று கேட்டாள். அவள் பேசாமல் போன மாதங்கள் எனக்குப் பெரிய இழப்பு. ஆனாலும் அவள் கேள்விக்கு இன்றும் என் பதில் ஒன்றுதான்: வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு மட்டும் நான் டீச்சர் இல்லை.

2022 நவம்பர் 1-இல் உள்ளாட்சி நாளை ஒட்டி நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போல நகரத்துக்கும் ஓர் அவை என்பது நல்ல ஏற்பாடு. நான் மனமார வரவேற்கிறேன். எங்கள் பகுதியில் கூட்டம் பகலில் நடந்தது. நாற்காலிகள் நிரம்பின. தூய்மைப் பணிக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்கள் ஒருவர்கூட அங்கே இல்லை, எப்படி இருப்பார்கள்? அதற்குப் பிறகு, விதிப்படியான கூட்டம் எப்போது நடந்தாலும், அதற்கு முன் ஒரு மாலையில் ஓடைத்தெருவிலேயே பாய் விரித்து உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுதி எடுத்துக்கொண்டு போவதை வழக்கமாக்கினேன். முதல் தடவை எல்லோரும் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினார்கள். பயம் தெளியத் தெளியத்தான் கழிப்பறை, தெருவிளக்கு, ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொள்ளும் கூலி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

பொதுக் குழாய்கள் வந்துவிட்டன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. உப்புமாவும் பொங்கலும் வெந்து இறங்கும் நேரத்துக்கு நான் சில காலைகளில் போய் நிற்பேன். தண்ணீர் நாளிலும் ஓடைத்தெருப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். தியாகராயர் காலத்து ஓரணாத் தீர்மானத்தைப் போட்டவர்கள் இப்படி ஒரு காலையைப் பார்த்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த மன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. மறுபடி நிற்பீர்களா என்று கேட்கிறார்கள். செல்போனைக் கணவரிடமிருந்து வாங்கிக்கொண்ட அந்தப் பெண்ணைப் போல இன்னும் பத்துப் பேர் வரட்டும் என்றுதான் என் ஆசை. இப்போதைக்கு என் கையில் இருப்பது ஓடைத்தெரு அங்கன்வாடி. இடம் பார்த்தாயிற்று; மூடிக் கிடக்கும் பழைய வரி வசூல் மையம். கூரை நன்றாக இருக்கிறது, வாசலில் படி மட்டும் உடைந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் அது வருகிறது. அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விடலாம் என்று வேறொரு பொருளும் அதே நிரலில் இருக்கிறது. இரண்டின் எண்களையும் சேர்த்து எழுதி, ஓடைத்தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பட்டியலோடு ஆணையருக்குக் கொடுத்திருக்கிறேன். முந்தின நாள் மாலை எங்கள் வாசிப்புக்கு இந்த முறை ஓடைத்தெருவிலிருந்தும் இரண்டு பெண்கள் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.